சுவரில் ஏறாத ஒரு வரி

அக்கா,

இன்று காலை மியூசியத்தின் மூன்றாவது ஹாலில் எறும்புச் சாரை. வாசல்படி ஏறி, அங்கே நிறுத்தியிருக்கும் ரிங் ஃப்ரேம் என்ற நூற்பு மெஷினின் கால்களைச் சுற்றிக்கொண்டு, நேராக உங்கள் வெல்லம் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குப் போயிருந்தது. காற்றுகூட நுழையாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லித்தான் அந்தப் பெட்டியைச் செய்துகொடுத்தார்கள். பூச்சி மருந்து அடிக்க வந்தவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏனுங்க மேடம், திங்கற பொருளைக் கொண்டாந்து ஆராச்சும் மியூசியத்துல வெப்பாங்களா? பிளாஸ்டர்ல ஒண்ணு செஞ்சு வெச்சுப்போடுங்க. வெல்லமாட்டவே இருக்கும்" என்றார். நியாயமான பேச்சுதான். வேண்டாம் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு, துடைப்பதற்காகப் பெட்டியைத் திறந்தேன். பழைய வெல்லத்தின் புளித்த வாசனை முகத்தில் அடித்தது. அதற்கப்புறம் வேறு வேலை ஓடவில்லை. உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இருந்தபோது சொல்ல வேண்டியதைச் சொல்லாதவள் இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

நீங்கள் இருபத்திரண்டு வருஷம் நூல் ஓட்டிய மில் என் கணவர் வீட்டாருடையது. மூடிய பிறகு பாதியை அடுக்குமாடிக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை மியூசியம் ஆக்கினார்கள். வீட்டுக்கு வந்த மருமகள் சரித்திரம் படித்தவள் என்பதால் சாவி என் கைக்கு வந்தது. முதல் ஹாலில் மில்லைத் தொடங்கிய தாத்தாவின் ஆளுயரப் படம். அடுத்த ஹாலில் எண்ணெய் போட்டுத் துடைத்த இயந்திரங்கள். பார்க்க வந்தவர்கள் இரண்டே வகை. டீச்சர் விரட்டியதால் வந்த பள்ளிப் பிள்ளைகள் ஒன்று. கல்யாணத்துக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ள வந்த ஜோடிகள் இன்னொன்று. பஞ்சைச் சிக்கெடுக்கும் பழைய கார்டிங் மெஷின்மேல் சாய்ந்தால் முகம் நன்றாக விழுகிறதாம்.

அப்போதுதான் சென்னையிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தோம். மியூசியம் என்பது இனிமேல் பொருளை அடுக்கிவைக்கும் இடமல்ல, மக்கள் பேசும் இடம், சுற்றியிருக்கும் சமூகம் மாறும்போது தானும் மாற வேண்டிய இடம் என்று அவர் படம் போட்டுக் காட்டினார். எனக்குப் புல்லரித்தது. மியூசியத்தை நடத்தும் டிரஸ்டின் தலைவரான பெரிய மாமாகூடத் தலையாட்டினார். அவர் தலையாட்டியதற்கு என்ன அர்த்தம் என்று பின்னால்தான் புரிந்தது. மூன்றாவது ஹாலைத் தொழிலாளர்களுக்கு என்று ஒதுக்கினோம். மில்லில் வேலை பார்த்தவர்கள் வீட்டிலிருக்கும் ஏதாவது ஒரு பொருளைக் கொண்டுவந்து கொடுங்கள் என்று அவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் நோட்டீஸ் ஒட்டினோம்.

மில் வாசலில் காட்டி நுழைந்த டோக்கன் கொண்டுவந்தார்கள். சோறு கொண்டுபோன பித்தளைத் தூக்குப்போசி கொண்டுவந்தார்கள். யூனியன் ஊர்வலத்தில் எடுத்த படத்தை ஒருவர் சட்டத்தோடு கழற்றிக் கொண்டுவந்தார். கடைசியாக நீங்கள் வந்தீர்கள், ஒரு காகிதப் பொட்டலத்தோடு. பிரித்தால் ஓர் அச்சு வெல்லம். "இதுதானுங்க எங்களுக்கு மில்லுல தெனமும் குடுத்தது. அதே கடையில வாங்கியாந்தேன்" என்றீர்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் யாராவது ஒருவர் தாத்தா தன் ஆட்களுக்குத் தினமும் வெல்லம் கொடுத்த பெருமையைச் சொல்லாமல் இருக்கமாட்டார். கேட்டுக் கேட்டு எனக்கு அது வேதம். அன்று சாயங்காலமே பலகை எழுதிவிட்டேன்: உழைத்தவர்க்கு நாள்தோறும் இனிப்பு, நிர்வாகத்தின் பரிவு.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் நீங்கள் அதன் முன்னால் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தீர்கள். வாசித்து முடித்துச் சிரிக்க ஆரம்பித்தீர்கள். சிரிப்பு இருமலாகி, நாற்காலி போட வேண்டியதாகிவிட்டது.

"அம்மணி, தித்திப்புக்கா குடுத்தாங்க? தொண்டையில பஞ்சு அடைக்குமுங்க. வெல்லம் தின்னா பஞ்சு கரைஞ்சு வயித்துக்குப் போயிரும்னு சொல்லிக் குடுத்தாங்க. மூக்குல துணி கட்டிக்கிட்டா வேலை ஓடாதுன்னு மேஸ்திரி வைவாருங்க. அதனால வெல்லம்."

"போச்சாக்கா வயித்துக்கு?"

"எங்கீங்க போகுது? வெல்லம் போற வழி வேற, மூச்சுப் போற வழி வேற."

எனக்குக் காதுவரை சூடேறியது. பலகையை மாற்றி எழுதினேன்: பஞ்சுத் தூசிக்கு மருந்தாகக் கருதப்பட்ட வெல்லம். அதையும் வாசித்துவிட்டு, "கருதப்பட்டன்னா, ஆருங்க கருதுனது?" என்று கேட்டீர்கள். நான் சிரித்து மழுப்பினேன். அதற்குமேல் நீங்களும் விட்டுவிட்டீர்கள். மனிதரை ரொம்ப நெருக்காத குணம் உங்களுக்கு. என் பிழைப்பு அந்தக் குணத்தில்தான் ஓடியது.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் வந்து பிள்ளைகளுக்கு மில்லைச் சுற்றிக்காட்டினீர்கள். நூல் சுற்றும் ஸ்பிண்டில்களின் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் பெண்கள் கையாலேயே பேசிக்கொண்டதை நடித்துக் காட்டுவீர்கள். மீசை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார். கன்னத்தில் கை வைத்தால் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. மூக்கைத் தொட்டு உதறினால் மேனேஜர். அதற்கு மேலும் ஓர் அர்த்தம் உண்டு, பிள்ளைகள் இருப்பதால் சொல்லமாட்டேன் என்பீர்கள். ஹாலே அதிரும். ஆண்பிள்ளைகளைக்கூடப் போனைக் கீழே வைக்கவைத்த ஒரே ஆள் நீங்கள்தான்.

உங்கள் வீட்டுக்காரரைப் பற்றிப் பேச உங்களுக்கு ஒரு வருஷம் ஆனது. அவர் புளோரூமில் இருந்தவர். பஞ்சுப் பொதியை உடைத்து மெஷினில் போடும் இடம். மில்லிலேயே தூசி அதிகமான இடம். வார லீவன்று நன்றாக இருப்பாராம், சர்ச்சில் உரக்கப் பாடுவாராம். லீவு முடிந்து வேலைக்கு ஏறிய அன்று சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிடுவாராம். வருஷக்கணக்கில் இப்படியே. டிபி என்று சீட்டு எழுதினார்கள். சளியில் கிருமி தெரியவில்லை, இருந்தாலும் மாத்திரையை முழுங்கச் சொன்னார்கள். "கிருமி என்னங்க அம்மணி, காலண்டர் பார்த்துட்டா வரும்? லீவுக்கு அதும் லீவு போடுமா?" என்று கேட்டீர்கள். டாக்டர்கள் கேட்காத கேள்வி அது. அவர் நாற்பத்தாறு வயதில் போய்விட்டார்.

ஆனால் உங்களை அரித்தது சாவு இல்லை. சீட்டில் இருந்த அந்த இரண்டெழுத்து. அது லைன் வீடு முழுக்கப் பரவி, உங்கள் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் ஆனது. மகளுக்கு வந்த இரண்டு சம்பந்தம் தட்டிப்போனது. மூன்றாவதாகப் பெருந்துறையில் அமைந்தது. மாப்பிள்ளை நல்ல மனிதர், தொழிற்பேட்டையில் கம்பெனி வேலை. அவருடைய அம்மாவின் காதுக்குச் சேதி போனது கல்யாணம் முடிந்த பிறகு. "பேத்தி பொறந்து நாலு வருசமாச்சுங்க. ஒரு ராத்திரி இந்த ஊட்டுல படுக்க விட்டதில்லை. நா மடியில வெச்சுக்கிட்டா, மருமகப்புள்ள ஊட்டுக்குப் போனதும் சம்பந்தியம்மா குளிப்பாட்டச் சொல்றாங்களாமா." இதைச் சொல்லும்போது நீங்கள் அழவில்லை. என்னால்தான் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த வருஷம் உங்கள் குரலைப் பதிவு செய்தோம். பார்வையாளர்கள் காதில் மாட்டிக் கேட்பதற்கு. உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினீர்கள். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தரம் இருமல். அதைச் சீர்செய்த ஆள் என்னிடம் கேட்டார், இருமலை வைப்பதா எடுப்பதா என்று. எடுத்துவிடுங்கள், கேட்பவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்றேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை அக்கா. திரையில் அழுக்கு பட்டிருந்தால் துடைக்கச் சொல்கிற மாதிரி சொன்னேன். அடுத்த சனிக்கிழமை காதில் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள்.

"ஏனுங்க அம்மணி, இது ஆரு பேசறது?"

"நீங்கதான்க்கா."

"நா இல்லீங்க. எனக்கு இத்தனை மூச்சு ஏதுங்க?"

பிறகு அதைக் கழற்றி மெதுவாக மேசைமேல் வைத்தீர்கள். "குரல் கெடக்கட்டுங்க. எனக்கு ஒரே ஒரு வரி வேணும். என்ற ஊட்டுக்காரருக்கு டிபி இல்லை, பஞ்சுன்னு இந்தச் சுவத்துல எழுதிப்போடுங்க. நா சொன்னா ஆரு நம்புவாங்க? சுவத்துல இருந்தா நம்புவாங்க. பேத்தியக் கூட்டியாந்து காட்டோணும்."

அவ்வளவுதான் நீங்கள் கேட்டது. நஷ்டஈடு கேட்கவில்லை, யாரையும் திட்டச் சொல்லவில்லை. ஒரு வரி.

நான் அதை டிரஸ்ட் கூட்டத்தில் வைத்தேன். எப்படி ஆரம்பித்தேன் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது: நம் மியூசியம் மாறிவருகிறது, கேட்டுக்கொள்வதோடு நிற்காமல் பொறுப்பேற்கவும் வேண்டும் என்று. ஆலோசகர் வாயிலிருந்து வந்த வார்த்தைகள்தான். பெரிய மாமா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, அது உங்களுக்கும் தெரியும். உங்கள் மகள் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவர்.

"கண்ணு, அந்தம்மா எத்தனை வேணும்னாலும் பேசட்டும். பதிவு பண்ணு, படம் போடு, நா ஒண்ணும் சொல்லலை. அவங்க சொன்னா அது அவங்க கதை. சுவத்துல நாம எழுதுனா அது நாம ஒத்துக்கிட்டதா ஆயிரும். மொதல் ஹாலுல தாத்தா படத்தை மாட்டிப்போட்டு, மூணாவது ஹாலுல அவரு ஆளைக் கொன்னாருன்னு எழுதறதா?"

மற்றவர்கள் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம். கழிப்பறைக்கு டைல்ஸ் மாற்றுவது. மக்கள் பேசும் இடம் என்றால் மியூசியம் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று மாமா முதல் நாளே சரியாகப் புரிந்துகொண்டிருந்தார். நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை வந்தது. "என்னாச்சுங்க அம்மணி?" என்று கேட்டீர்கள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். உங்களுக்கு முடியாது என்ற வார்த்தை புதிதா? ஆனால் உங்கள் முன்னால் நல்லவளாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது. "அச்சுக்குப் போயிருக்குக்கா" என்றேன். அப்புறம் பலகையில் எழுத்துப்பிழை என்றேன். அப்புறம் அச்சுக்காரர் சத்தியமங்கலத்தில் ஏதோ சாவுக்குப் போய்விட்டார் என்றேன். ஒரு பொய்க்குத் துணையாக ஒரு சாவையே உண்டாக்கினேன். நீங்கள் அந்த முகம் தெரியாத ஆளுக்காக, "ஐயோ பாவம், மெதுவா வரட்டுங்க" என்றீர்கள்.

நடுவில் ஒரு பத்திரிகையில் நம் மியூசியத்தைப் பற்றி அரைப்பக்கம் வந்தது. தொழிலாளியின் குரலைக் கேட்கும் அருங்காட்சியகம் என்று தலைப்பு. நீங்களும் நானும் ரிங் ஃப்ரேம் பக்கத்தில் நின்று சிரிக்கிற படம். அதை நீங்கள் சட்டம் போட்டு வீட்டில் மாட்டிவைத்தீர்கள். நான் அதை எடுத்துக்கொண்டு மூன்று ஊர்க் கருத்தரங்குகளுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். கைதட்டினார்கள்.

பிறகு சனிக்கிழமைகள் குறைந்தன. மாடிப்படி ஏற முடியவில்லை, பிறகு பஸ் ஏற முடியவில்லை, பிறகு பேச்சும் போனது. ஆஸ்பத்திரியில் உங்களைக் கடைசியாகப் பார்த்தது ஒரு காலைவேளை. ஆக்சிஜன் முகமூடிக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. உங்கள் மகள் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நீங்கள் சுவரைக் காட்டி, காற்றில் விரலால் எழுதிக் காட்டினீர்கள். மில் பாஷைதான். எனக்குப் புரியாமல் இருக்குமா?

"மாட்டியாச்சுக்கா" என்றேன்.

உங்கள் கண் பெரிதானது. வாசிக்கச் சொல்லிக் கையைக் காட்டினீர்கள். இல்லாத பலகையை நான் நின்ற இடத்தில் எழுதினேன். "இந்த மில்லின் புளோரூமில் பதினெட்டு வருஷம் வேலை செய்தவர். பஞ்சுத் தூசியால் நுரையீரல் கெட்டு இறந்தார். அவருக்குக் காசநோய் இல்லை." முன்னால் அவர் பெயரைச் சேர்த்துச் சொன்னேன். இன்னொரு தரம் என்று விரலைக் காட்டினீர்கள். இன்னொரு தரம் சொன்னேன். நீங்கள் மகளைப் பார்த்தீர்கள், கேட்டுக்கொண்டாயா என்கிற மாதிரி. அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். மறுநாள் விடியற்காலை நீங்கள் போய்விட்டீர்கள். அடக்கத்துக்கு டிரஸ்ட் சார்பில் பெரிய மாலை நான்தான் கொண்டுவந்தேன்.

மூன்று மாதம் கழித்து உங்கள் மகள் வந்தாள். கூடவே அவளுடைய மாமியாரும், மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் பேத்தியும். பெருந்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். மாமியாரைக் கூட்டிவர அவள் எத்தனை நாள் கெஞ்சினாளோ. மூன்றாவது ஹாலில் நான்கு சுவரையும் வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தாள். முடிந்ததும் இன்னொரு தரம் முதலிலிருந்து வாசித்தாள். அப்புறம் என் அறை வாசலுக்கு வந்து நின்றாள்.

"எந்தச் சுவருங்க அம்மணி?"

சொன்னேன். மாட்டவில்லை என்றும், ஒருபோதும் அச்சுக்குப் போகவில்லை என்றும் சொன்னேன். பின்னால் நின்ற மாமியார் பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். வரும்போது அந்தப் பிள்ளை நடந்துதான் வந்தாள்.

உங்கள் மகள் கோபப்படவில்லை. உங்கள் வயிற்றில் பிறந்தவள் எப்படிக் கோபப்படுவாள்? "பரவாயில்லீங்க. அம்மா நிம்மதியாத்தான் போனாங்க" என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அன்னைக்குச் சொன்னீங்கல்லங்க, அதை ஒரு காயிதத்துலயாச்சும் எழுதிக் குடுங்க. இவங்க படிச்சாப் போதும்" என்றாள்.

எழுதினேன். ஒரு வார்த்தை மாறாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மாமியார் அதை வாங்கி வாசித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். வெள்ளைத்தாள். "மியூசியத்துப் பேரே இல்லீங்களே" என்றார்.

உங்கள் மகள் என் மேசையைப் பார்த்தாள். மியூசியத்தின் பெயர் அச்சடித்த லெட்டர்பேடு ஒரு கட்டு அங்கேதான் இருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் பிரிண்டரிலிருந்து வெள்ளைத்தாளை உருவியிருந்தேன். பக்கத்திலேயே வட்டச் சீல். இரண்டையும் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"பேடு தீந்துபோச்சுங்களா அம்மணி?"

"ஆமாம்" என்றேன்.

"அப்படீங்களா, சரிங்க" என்று சொல்லி அந்தத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். போய்வருகிறேன் என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

உங்களிடம் அத்தனை பொய் சொன்னபோது ஒருநாளும் நான் தயங்கியதில்லை அக்கா. நிஜத்தை எழுதும்போதுதான் லெட்டர்பேடைத் தள்ளிவைத்தேன். பெரிய மாமாவுக்குப் பயந்தேன், வீட்டுக்குப் பயந்தேன், என்னுடைய நாற்காலிக்குப் பயந்தேன். உங்கள் மகள் அதைக் கண்டுகொண்டு, நான் வெட்கப்படக் கூடாது என்று எனக்காக ஒரு பொய்யையும் தேடி எடுத்துக் கொடுத்தாள். நான் கைநீட்டி வாங்கிக்கொண்டேன். வெல்லம் மியூசியத்துடையது. உங்கள் வீட்டிலிருந்து எனக்கென்று இன்னமும் நான் வைத்திருப்பது அந்தப் பொய் ஒன்றுதான்.